மூன்றாம் மாடிவரை ஒரு மூச்சு

ஆளில்லாத வீடு என்று நன்றாகத் தெரிந்திருந்தாலும் ஷூயா கதவைத் தட்டாமல் உள்ளே போகமாட்டாள். நடுவிரலின் கணுவால் மூன்று தட்டு. முதல் இரண்டும் அடுத்தடுத்து விழும். மூன்றாவது கொஞ்சம் யோசித்துவிட்டு வருவதுபோல் வரும். பிறகு சாவியைத் திருப்பிக் கதவைத் தள்ளிவிட்டு, நேரே நுழையாமல் ஒருபக்கமாக ஒதுங்கி, தோளைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பாள். குறுகலான சந்தில் எதிரே வருகிறவருக்கு வழிவிடுகிற நிற்பு அது. "தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்று உதட்டுக்குள் சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் செருப்பைக் கழற்றுவாள்.

வெளியூரில் தங்கும் விடுதி அறையில், கண்ணுக்குத் தெரியாமல் யாராவது இருந்தால் வழிவிடுவதற்காக, இப்படிச் செய்யாத ஆள் தைப்பேக்குப் பக்கத்திலுள்ள கீலுங் துறைமுகத்தில் கிடையாது. ஆனால் பட்டப்பகலில், கையில் வழக்குக் கட்டோடு, பக்கத்தில் வீட்டு ஓனர் நிற்கும்போது ஒரு வக்கீல் அதைச் செய்தால் சிரிப்பு வரத்தானே செய்யும். ஒருமுறை ஒரு ஓனர் கேட்டேவிட்டார்.

"உள்ள யாரு இருக்கா லாயரம்மா, உங்க கட்சிக்காரரா?"

"இருக்கலாம். ஃபீஸ் கொடுக்காம போன கட்சிக்காரங்க எனக்கு நிறைய" என்றாள் ஷூயா, சிரிக்காமல்.

அந்தப் பழக்கம் அவள் அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்தவள். வாடகை வீடு வாடகை வீடாக மாறிக்கொண்டே இருந்தார்கள். மொத்தம் எத்தனை வீடு என்று கேட்டால் அம்மாவுக்கே குழப்பம் வந்துவிடும். ஒவ்வொரு புது வீட்டு வாசலிலும் சாமான்களை மழையில் நனையவிட்டபடி அம்மா கதவைத் தட்டிவிட்டுக் காத்திருப்பாள். எதுக்கும்மா என்று கேட்டால், "முன்னாடி இருந்தவங்க இன்னும் கிளம்பலேன்னா?" என்பாள். அதில் பயம் இருந்ததில்லை. வரிசையில் பின்னால் நிற்கிறவளின் மரியாதைதான் இருந்தது.

ஷூயா வக்கீலானாள். ஐம்பது வயதைத் தாண்டியும் அவளுக்குச் சொந்த வீடு கிடையாது. கோயில் தெருவில் மீன் உருண்டை சூப் கடைக்கு மேலே இருக்கும் அவள் அலுவலகமும் வாடகைதான். ஓனருக்கும் குடியிருப்பவருக்கும் இடையிலான தகராறு தவிர வேறு வழக்கை அவள் தொடுவதில்லை. புதன்கிழமைகளில் வட்ட அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், மடக்குத் தட்டிக்குப் பின்னால் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கு ஆலோசனை இலவசம். ஒழுகும் கூரை, திருப்பித் தராத முன்பணம், நாய் வளர்த்த சண்டை என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

காலிசெய்த வீடுகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். காலண்டர் தொங்கிய இடத்தில் மட்டும் வெள்ளையாக நிற்கும் சதுரம். குளியலறையில் கை வடிவத்துக்குத் தேய்ந்துபோன சோப்பு. ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் தொட்டியில் பாதி நிரம்பிய தண்ணீர். அந்தக் குடும்பம் மூச்சுவிட்ட காற்றிலிருந்து இறங்கிய தண்ணீர். அதைக் கழுவுதொட்டியில் கொட்டும்போதெல்லாம் ஷூயா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அப்படியொரு புதன்கிழமைதான் பாவ் வந்தார்.

அந்த ஊரில் மழை பெய்வது செய்தி இல்லை. ஆனாலும் அவர் நனைந்திருந்த விதம் வேறு மாதிரி இருந்தது. குடை கையில் இருந்தது, விரிக்கவில்லை. இழுவைப் படகில் இயந்திரக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்ணெய்ப் புகையில் நுரையீரல் கெட்டுப்போய், ஒரு வாக்கியம் முடிவதற்குள் இரண்டுமுறை நிறுத்தி மூச்செடுத்தார். மேசைக்கு எதிரே உட்கார்ந்து, தன் மனைவி ஆசுன் ஆஸ்பத்திரியில் கடைசிக் கட்டத்தில் இருக்கிறாள் என்றார். டாக்டர் நாளை என்கிறார், நாளை மறுநாள் என்கிறார். அவளை வீட்டுக்குக் கொண்டுவரவேண்டும். கடைசி மூச்சு வீட்டில்தான் போகவேண்டும்.

"கொண்டு வாங்க. அதுக்கு யாரைக் கேக்கணும்?" என்றாள் ஷூயா.

"ஓனர் கேட்டைப் பூட்டிருவேங்கிறான்."

மலைச்சரிவில் இருந்த மூன்று மாடிக் கட்டடம் அது. மூன்றாம் மாடியில் பாவும் ஆசுனும் இளமையிலிருந்தே குடியிருந்தார்கள். பழைய ஓனர் வெய் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இப்போது அவர் மகன் கைஹோங் கையில் கட்டடம். மூன்றாம் மாடியை விற்கப் பார்க்கிறான். சனிக்கிழமை ஒருவர் பார்க்க வருகிறார். அதற்குள் உள்ளே ஒரு சாவு விழுந்தால் எவன் வாங்குவான் என்று போனில் கேட்டானாம். தெருக்கதவின் பூட்டை மாற்றப்போகிறேன் என்றும் சொன்னானாம்.

சட்டம் முழுக்கப் பாவ் பக்கம் இருந்தது. ஷூயா அதை நிதானமாக எடுத்துச் சொன்னாள். ஒப்பந்தம் எப்போதோ முடிந்திருந்தாலும் பழைய ஓனர் மாதாமாதம் வாடகை வாங்கிக்கொண்டே இருந்ததால் அது முடிவு தேதி இல்லாத குத்தகையாகிவிட்டது. நினைத்த நேரத்தில் வெளியே அனுப்ப முடியாது. நோயாளி மனைவியைக் கூட்டிவர யாருடைய அனுமதியும் தேவையில்லை. வயதாகி, நோய் முற்றி வருகிற சாவு வீட்டைக் கெட்ட வீடாக ஆக்காது. கொலை, தற்கொலை நடந்த வீட்டைத்தான் வாங்குகிறவரிடம் சொல்லியாக வேண்டும். கேட்டைப் பூட்டினால் போலீசைக் கூப்பிடலாம், கோர்ட்டுக்குப் போகலாம்.

பாவ் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"கோர்ட்டு நாளைக்குள்ள பூட்டைத் திறக்குமா?"

மழையில், பூட்டிய கதவுக்கு வெளியே ஒரு ஸ்ட்ரெச்சர் கிடப்பதை ஷூயா மனசுக்குள் பார்த்துவிட்டாள். அது போகவேயில்லை, தட்டியை மடக்கி வைக்கும்போதும் அங்கேயே கிடந்தது.

மறுநாள் காலை அவள் கைஹோங்கைத் தேடிப் போனாள். சந்துக்குள் வண்டி போகாது. கீழே சாலையிலிருந்து கல்படிகள் ஏறித்தான் கட்டடத்துக்குப் போகவேண்டும். முப்பத்தைந்து வயதிருக்கும் அவனுக்கு. துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். தெருக்கதவு வாசலில் புதுப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். இன்னும் மாட்டியிருக்கவில்லை. அதை ஷூயா கவனித்தாள்.

சட்டம் பேச ஆரம்பித்ததுமே அவன் கையமர்த்தினான். தெரியும் என்றான். இயற்கைச் சாவு கணக்கில் வராது என்று அவனும் விசாரித்து வைத்திருந்தான்.

"சட்டம் சொல்லும் மேடம். கீழ் வீடு, எதிர் வீடு எல்லாம் கதவுல சிவப்புக் காகிதம் ஒட்டிருவாங்களே, தீட்டு அண்டாம இருக்கணும்னு. வாங்க வர்றவனுக்குக் கண்ணு தெரியாதா? புத்தாண்டு அலங்காரம்னு நினைச்சுக்குவானா?"

"விற்பனை ஒரு ரெண்டு மாசம் தள்ளிப்போகும். அவ்வளவுதான்" என்றாள் அவள்.

"அவ்வளவுதான்னு இல்ல."

துறைமுகத்துக்கு மேலே பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. மழையில் பருந்துக்கு என்ன வேலை என்று ஷூயாவுக்குத் தோன்றியது. பூட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே அவன் சொல்லத் தொடங்கியதைக் கேட்டபோதுதான், விவகாரம் விற்பனையே இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

அவன் அப்பா தைப்பே ஆஸ்பத்திரியில் இறந்தார். உடலை ஊருக்குக் கொண்டுவந்தபோது வேனை ஓட்டியது கைஹோங். பின்னால் சித்தப்பா ஊதுபத்தியைப் பிடித்திருந்தார். ஆவி வழிதவறாமல் கூடவே வர, பாலம் வந்தால் பாலம் வருதுப்பா என்றும், சுரங்கம் வந்தால் சுரங்கம் வருதுப்பா கூடவே வாங்க என்றும் மகன்தான் கூப்பிடவேண்டும். கூப்பிட்டுக்கொண்டேதான் வந்தான். ஊர் எல்லையிலுள்ள சுரங்கத்துக்குள் நுழையும்போது சவப்பெட்டிக் கடைக்காரனிடமிருந்து போன் வந்தது. எந்த மரம் என்பதில் ஏதோ வாக்குவாதம். பேசி முடித்து நிமிர்ந்தால் வண்டி சுரங்கத்தைத் தாண்டி வெளிச்சத்தில் வந்துவிட்டிருந்தது.

"கூப்பிடல மேடம். அந்த ஒரு சுரங்கத்துல கூப்பிடல."

அந்தச் சுரங்கத்தைத்தான் தினமும் கண்டெய்னரோடு கடக்கிறான். நடுவில் ஒரு இடத்தில் விளக்கு ஒன்று எரியாது. அந்த இடம் வந்தால் தன்னையறியாமல் கால் பிரேக்குக்குப் போகிறது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டுகிறார்கள். யாரோ ஏறுவதற்காக நிறுத்தியதுபோல் நிறுத்துகிறான். யாரும் ஏறுவதில்லை.

"எங்கப்பா கட்டின வீடு இது. அவரு இன்னும் வந்து சேரல. இப்ப அந்தம்மாவுக்கு இங்க இடம் கொடுத்துட்டா, நாளைக்கு அவரு வழி கண்டுபிடிச்சு வந்தா எங்க போவாரு?"

இதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை. புதிய வீட்டு வாசலில் நின்ற அம்மாவின் முதுகு ஷூயாவுக்கு ஞாபகம் வந்தது.

"உங்கப்பாவை எனக்குத் தெரியாது. மேல இருக்கிறவருக்குத் தெரியும். வாங்க, ஒருதடவை பார்த்துட்டு வந்துருவோம்" என்றாள்.

மூன்றாம் மாடிக் கதவு பாதி திறந்துதான் இருந்தது. இருந்தும் அவள் தட்டினாள், ஒதுங்கி நின்றாள். கைஹோங் அவளை வினோதமாகப் பார்த்தான். அவள் உள்ளே போனபிறகும் அவன் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றான்.

பாவ் கூடத்தில் கட்டில் போட்டுக்கொண்டிருந்தார். சுவரில் சாமி பலகையைச் சிவப்புக் காகிதத்தால் மூடியிருந்தார், உயிர் போவதைத் தெய்வங்கள் பார்க்கக்கூடாது என்று. கட்டிலுக்கு இடம் வேண்டி மேசை, அலமாரி, தையல் இயந்திரம் எல்லாவற்றையும் அறைக்குள் தள்ளியிருந்தார். ஜன்னலோரம் ஒரு மர ஸ்டூல் மட்டும் நகர்த்தப்படாமல் இருந்தது.

"உள்ள வா ஆஹோங். ஈரத்துல நிக்காத" என்றார், கைஹோங்கைச் சின்ன வயதுப் பெயரால் கூப்பிட்டு.

அவன் வரவில்லை. தான் கீழே சொன்னதை ஷூயா அவருக்குச் சொல்லட்டும் என்பதுபோல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஷூயா சொன்னாள், சுருக்கமாக. பாவ் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மூச்சை ஒருநிலைக்குக் கொண்டுவந்தார்.

"உங்கப்பன் மாசம் பொறந்தா மேல வருவான். அந்த ஸ்டூல்லதான் உக்காருவான், வேற எதுலயும் உக்காரமாட்டான். ஆசுன் இஞ்சி போட்டு மீன் சூப் வைப்பா. குடிச்சிட்டு, உப்பு பத்தலேம்பான். ஒரு மாசம்கூட விட்டதில்ல." நிறுத்தினார். "அவன் போனப்புறமும் அந்த ஸ்டூலை யாருக்கும் போடறதில்ல. அவ தொடக்கூட விடமாட்டா. இங்க ரெண்டு பேருக்கு இடம் பத்தாதாடா?"

கைஹோங் ஸ்டூலைப் பார்த்தான்.

பாவ் ஷூயாவிடம் திரும்பி, ஒரு காகிதத்தில் எழுதச் சொன்னார். ஆசுன் இந்த வீட்டில் கண்மூடவேண்டும். ஏழு நாளைக்கு ஒன்றாக வரும் சடங்குகள் ஏழும் முடிந்ததும் நான் காலிசெய்துவிடுகிறேன். ஷூயா தடுத்தாள். விட்டுக்கொடுக்கவேண்டிய அவசியமே இல்லை, உங்களை யாரும் அனுப்ப முடியாது என்று மறுபடியும் சட்டம் சொன்னாள். அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

"லாயரம்மா, அவ வீட்டுல போகணும். அதுக்கப்புறம் நான் எங்க படுத்தா என்ன?"

வாசலில் நின்றவன் புதுப் பூட்டைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

"எத்தனை மணிக்குக் கூட்டிட்டு வர்றீங்க பாவ் மாமா?" என்று கேட்டான்.

அன்று பிற்பகலிலேயே ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற வழியில் ஒரு சுரங்கம். பாவ் உள்ளேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே வந்ததாக டிரைவர் சொன்னார். ஆசுனின் மூச்சு அவளுடையதாக இல்லை. மூக்கையும் வாயையும் மூடிய கவசத்தின் குழாய் முனையில் ஒரு ரப்பர் பை. ஃபாங் என்ற பணியாளர் பெண் அதை அமுக்கி அமுக்கிக் காற்றை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். விரலில் நாடித்துடிப்பைக் காட்டும் சின்னக் கருவி ஒன்று மாட்டியிருந்தது. வீட்டை அடையும்வரை மூச்சு நிற்கக்கூடாது. அதற்காகத்தான் அந்தப் பை.

கல்படிகளுக்குக் கீழே வண்டி நின்றது. இனி தூக்கித்தான் போகவேண்டும். முன்னால் டிரைவர், தலைப்பக்கம் ஃபாங். பை அமுக்க மூன்றாவதாக ஒரு கை வேண்டும்.

"யாராவது ஒருத்தர் இதைப் பிடிங்க" என்றாள் ஃபாங்.

பாவால் முடியாது, அவர் முன்னால் நடந்து கூப்பிடவேண்டியவர், அதற்கே அவருக்கு மூச்சு போதாது. ஷூயா குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு கை நீட்டினாள். அதற்குள் இன்னொரு கை வந்து பையை வாங்கிக்கொண்டது. தெருக்கதவை முழுக்கத் திறந்து கல் முட்டுக்கொடுத்துவிட்டு கைஹோங் கீழே இறங்கி வந்திருந்தான்.

"அமுக்குங்க, விடுங்க, மூணு எண்ணுங்க, மறுபடி அமுக்குங்க. வேகம் வேணாம்" என்று ஃபாங் சொல்லிக்கொடுத்தாள்.

அப்படியே ஏறினார்கள். பாவ் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, திரும்பிப் பார்க்காமல், முன்னால் பார்த்தபடியே சொன்னார். ஆசுன், படி வருது. ஆசுன், நம்ம சந்து. ஆசுன், தெருக்கதவு, தலை இடிக்காம வா. குரல் உடைந்து இழுத்தது, ஆனால் ஒரு திருப்பத்தையும் விடவில்லை. கடைசியில் குடையோடு ஷூயா வந்தாள். குறுகலான படிக்கட்டில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கைஹோங்கின் நனைந்த முதுகும், ஒரே சீராக விரிந்து சுருங்கும் முழங்கையும்தான். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் ஒரு கணம் நின்றது. வளைவு இடிக்கிறதுபோல என்று அவள் நினைத்தாள். பிறகு நகர்ந்தது.

மூன்றாம் மாடி வாசலில் பாவ் உள்ளே போய்விட்டார். கைஹோங் நின்றான். இரண்டு கையும் பையில் இருந்தன. முழங்கையால் நிலையை மூன்றுமுறை தட்டினான், தன் சொந்த வீட்டு நிலையை. "தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்று சொன்னது ஷூயாவுக்குக் கேட்டது. பிறகு வாசற்படியைத் தாண்டினான்.

"வீட்டுக்கு வந்துட்டோம் ஆசுன்" என்றார் பாவ்.

கட்டிலில் இறக்கினார்கள். பாவ் மனைவியின் நெற்றியிலிருந்த ஈரத்தைச் சட்டைக் கையால் துடைத்தார். போதும் என்று தலையசைத்தார். ஃபாங் குழாயை எடுத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொன்னாள். கைஹோங்கின் விரல்கள் அதற்குப் பிறகும் பையை விடவில்லை. ஒவ்வொன்றாக ஃபாங்தான் பிரித்துவிட வேண்டியிருந்தது.

எதிர்பார்த்தபடியே சிவப்புக் காகிதங்கள் ஒட்டப்பட்டன. சனிக்கிழமை பார்க்க வந்தவர் இரண்டாம் மாடியோடு திரும்பிப் போனார். ஏழு சடங்குகளும் முடிந்தன. கைஹோங் ஷூயாவின் அலுவலகத்துக்கு வந்து, காலிசெய்வதாக எழுதவைத்த அந்தக் காகிதத்தைக் கிழித்துவிடுங்கள், பாவ் மாமா இருக்கட்டும் என்றான். ஷூயா ஓட்டமாகப் போய்ச் சொன்னாள். பாவ் அதற்குள் பெட்டியைக் கட்டிவிட்டிருந்தார். இலான் ஊரில் இருக்கும் அண்ணன் மகள் வீட்டுக்குப் போகிறாராம்.

"நான் இங்க இருந்தா அவ கிளம்பமாட்டா லாயரம்மா. ராத்திரி மாத்திரை போட்டியான்னு கேட்டுக்கிட்டே இருப்பா. அவளும் போகணும்ல."

சாவியை ஒப்படைக்கிற அன்று ஷூயா மூன்றாம் மாடிக்குப் போனாள். கைஹோங்கும் வந்திருந்தான். அவள் தட்டுவதற்குள் அவன் தட்டினான். இருவரும் கதவின் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். உள்ளே காலண்டர் சதுரம், காய்ந்த சோப்பு, ஜன்னலோரம் ஸ்டூல். ஈரம் உறிஞ்சும் இயந்திரத் தொட்டியில் தண்ணீர் இருந்தது. ஷூயா அதை எடுத்துக்கொண்டு கழுவுதொட்டிக்குப் போனபோது, வேண்டாம், இருக்கட்டும் என்றான் அவன். விற்கப்போவதில்லையாம். கொஞ்சநாள் தானே வந்து இருக்கப் பார்க்கிறானாம்.

"பயமா இல்லையா?" என்று கேட்டாள்.

"இருக்கு. ஆனா யாராவது வந்தா கதவு திறக்க ஆளு வேணும்ல மேடம்."

குளிர்காலம் முடிகிற சமயம், ஒரு புதன்கிழமை, தட்டிக்கு அந்தப்புறம் ஃபாங் வந்து உட்கார்ந்தாள். வாடகை வீட்டுக் கூரையில் பூஞ்சை படர்ந்து பிள்ளைக்கு இருமல் நிற்கவில்லை, ஓனர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஷூயா குறித்துக்கொண்டாள், போட்டோ எடுத்து வரச் சொன்னாள். எழுந்திருக்கும்போது ஃபாங், அந்த மூன்றாம் மாடி ஓனர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தாள். நன்றாக இருக்கிறார், அங்கேயே குடி வந்துவிட்டார் என்றாள் ஷூயா.

ஃபாங் மறுபடியும் உட்கார்ந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. அந்தம்மா உயிரு வீட்டுக்குள்ள போகல. ரெண்டாவது மாடித் திருப்பத்துலயே போயிட்டாங்க. விரல்ல மாட்டுன கருவியில பார்த்தேன். நாங்க நின்னோமே, அப்பத்தான். நான் ஓனரைப் பார்த்து, பையை விட்டுருங்கன்னு தலையசைச்சேன். வெறும் படிக்கட்டு அது. அங்கயே நிறுத்தியிருந்தா அவரு வீட்டுல சாவே கிடையாது. அவருக்குப் புரிஞ்சுது. முன்னாடி படியேறிக்கிட்டிருந்த பெரியவரோட முதுகை ஒருதடவை பார்த்தாரு. அப்புறம் மூணு எண்ணிட்டு, மறுபடி அமுக்குனாரு. கட்டில்ல இறக்குற வரைக்கும் நிறுத்தவே இல்ல."